மாமா உட்காராத கதிரை

எங்கள் பக்கத்தில் லெதர் செற்றி வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "இது ஒறிஜினல்தானே?" கேட்கும்போதே தங்கள் தலையைத் தாங்களே ஆட்டிக்கொள்வார்கள். நான் ஓம் என்றால் தேநீர் வரும், தட்டில் பலகாரம் வரும். இல்லை என்றால் ஒன்றும் வராது. முப்பது வருடமாகக் குஷன் கடை வைத்திருக்கிறேன். தொண்டை நனையாமல் திரும்பிய வீடுகள்தான் அதிகம்.

கடை மட்டக்களப்பு நகரத்தில். வீடு வாவிக்கு மேற்கே, வவுணதீவுப் பக்கம். காலையில் வலையிறவுப் பாலத்தைக் கடந்து போய்ப் பின்னேரம் அதே பாலத்தால் திரும்புவேன். ஓட்டோ சீற், பஸ் சீற், பல் டொக்டரின் கதிரை, கலியாண மண்டபத்துச் செற்றி என்று மனுசர் குந்துகிற எதையும் தைத்துக் கொடுப்பேன். தையலில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஆனால் தோலா ரெக்சினா என்று சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு பேர். அந்தப் பேரை ஊரெல்லாம் பரப்பியது நான்தான் என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வது சரி.

அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பெருவிரலால் அழுத்தினால் தோல் சுருங்கும். விரலைச் சுற்றி மெல்லிய கோடுகள் ஓடும். ரெக்சின் வெறுமனே குழி விழுந்து எழும்பும். தோலின் துளைகள் ஓரிடத்தில் நெருக்கமாகவும் ஓரிடத்தில் ஐதாகவும் ஒழுங்கில்லாமல் கிடக்கும். மிசினில் அடித்தது ஒரே சீராக இருக்கும். செற்றியைக் கவிழ்த்து அடிச்சீலையைக் கழற்றி உள்விளிம்பைப் பார்த்தால் தோலின் மறுபக்கம் பஞ்சு படர்ந்த மாதிரி இருக்கும், வெட்டிய இடத்தில் நார் தெரியும். ரெக்சினின் மறுபக்கம் வெறும் சீலை. இத்தனைக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் உள்மடிப்பில் நூல் அகலம் நறுக்கி நெருப்பில் காட்ட வேண்டும். தோல் என்றால் தலைமுடி கருகிய மணம் வரும். ரெக்சின் என்றால் உருகிச் சுருண்டு பிளாஸ்ரிக் நாறும். அதற்கு மேல் வாக்குவாதம் கிடையாது.

ஒரு முறை ஒரு கலியாண வீட்டில், மாப்பிள்ளை பகுதியார் வந்து இருக்கும்போதே பெண்ணின் தாய் என்னைக் கூப்பிட்டுப் புதுச் செற்றியைக் காட்டினாள். ஓம் என்ற ஒரு சொல்லைத்தான் அவள் எதிர்பார்த்தாள். நான் செற்றியைக் கவிழ்த்து, ஓரத்தைக் கிளப்பி, "சீலை" என்றேன். அந்தத் தாய் இன்றைக்கும் என்னைக் கண்டால் குடையைச் சரித்து முகத்தை மறைத்துக்கொண்டு போகிறாள். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டாள்.

"வாய மூடிக்கொண்டு ஓம் எண்டு சொன்னா என்ன குறைஞ்சா போகும்?"

"பொய் சொல்ல எனக்கு வராது."

அந்தப் பதிலை நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன். உண்மையைச் சொல்வதில் எனக்கு ஒரு ருசி இருந்தது. எதிரில் நிற்பவரின் முகம் விழுவதைப் பார்க்கிற ருசி அது. இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

மாமா என்று நான் சொல்வது என் மனைவியின் தகப்பனை. எங்கள் பக்கத்து வழக்கப்படி கலியாணத்தோடு வீடு பெண்ணுக்குப் போய்விடும். மாமாவும் மாமியும் தாங்கள் கட்டிய கல்வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் பின்னால் இரண்டு அறை போட்டுக்கொண்டு குடிபோனார்கள். நான் ஒரு பெட்டியோடு வந்து அந்தக் கல்வீட்டில் ஏறினேன். மாமி காலமான பிறகு மாமா பின்வீட்டில் தனியே இருந்தார். சாப்பாடு எங்கள் குசினியிலிருந்து போகும்.

மாமா கண்ணகை அம்மன் கோயிலில் கட்டாடியாராக இருந்தவர். கட்டாடியார் என்றால் எங்கள் பக்கத்தில் அம்மனுக்குப் பூசை செய்கிறவர். வைகாசியில் கோயில் கதவு திறந்து சடங்கு தொடங்கினால், கடைசி நாளில் குளிர்த்திப் பாட்டுப் பாடி முடிகிற வரைக்கும் அவரைப் பிடிக்க முடியாது. அந்த நாட்களில் எங்கள் வளவுக்குள் மீன் இல்லை, முட்டை இல்லை. அடுப்பில் தாளிக்கிற மணம்கூட வரக்கூடாது. நான் கடையால் வந்து படலையைத் திறக்கும்போது பின்வீட்டு விறாந்தையிலிருந்து குரல் வரும்.

"கிணத்தடிக்குப் போயிட்டு வாங்க மருமகன்."

வேலையால் வருகிற எல்லோருக்கும் அப்படிச் சொன்னால் எனக்குக் கோபமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வளவுக்குள் வருகிற பக்கத்து வீட்டு ஆசிரியருக்குச் சொல்ல மாட்டார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்காக இருக்கிற தன் தம்பி மகனுக்குச் சொல்ல மாட்டார். எனக்கு மட்டும்தான். தோல் தொட்ட கை என்று அவர் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாமலே எனக்கு விளங்கியது. சடங்கு நாட்களில் நான் தண்ணீர் கொண்டுபோனால், "அங்க வைங்க" என்று சொல்லிவிட்டு மகள் வந்து எடுத்துக் கொடுக்கும் வரை காத்திருப்பார். என் கையில் படுவது பெரும்பாலும் ரெக்சின்தான், தோல் எப்போதாவதுதான் வரும் என்று சொல்லிப் பார்க்கலாம் என்று பல முறை நினைத்திருக்கிறேன். சொல்லவில்லை. இருபத்தைந்து வருடமாக அதை உள்ளுக்குள் வைத்து நன்றாக ஊறப்போட்டிருந்தேன்.

ஒரு வருடம் மாசி மாதத்தில் மாமாவின் மூச்சு கெட்டது. இருதயம் பலவீனம், நெஞ்சில் நீர் கோக்கிறது என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை வைத்திருந்து அனுப்பினார்கள். நீட்டி நிமிர்ந்து படுத்தால் மூச்சு அடைத்துவிடும். குந்தியிருந்தபடி தூங்கினால் கால் இரண்டும் வீங்கிப் பனங்குற்றி மாதிரி ஆகிவிடும். தலையும் உயர வேண்டும், காலும் உயர வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அப்படிப்பட்ட கட்டில் எங்களிடம் இல்லை. மாமா பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து, முன்னால் ஒரு மேசையைப் போட்டு, அதில் தலையணையை வைத்து நெற்றியை முட்டுக்கொடுத்தபடி தூங்கப் பழகினார். தூக்கம் என்று சொல்ல முடியாது. அரை மணிக்கொரு தடவை விழித்து மூச்சு வாங்குவார். அந்த மனிதர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நன்றாகத் தூங்க வேண்டும் என்பதுதான் என் மனைவியின் வேண்டுதல் எல்லாம்.

மாமாவுக்கு ஒரே மகன். என் மனைவியின் தம்பி, சுவிஸில் இருக்கிறான். அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு, அங்கிருந்தே கொழும்பில் ஒரு கடையில் ஒரு கதிரைக்குச் சொல்லி அனுப்பினான். பொத்தானை அழுத்தினால் முதுகு சாயும், கால் தாங்கி மேலே எழும்பும். கபில நிறம். லொறியில் வந்து இறங்கியது வைகாசியில், கோயில் கதவு திறந்து மூன்றாம் நாள். மாமா அந்த வருடம் சடங்குக்குப் போக முடியவில்லை. வேறு ஒருவர் பூசை செய்தார். ஆனால் விரதத்தை அவர் விடவில்லை. சாமியறையில் கும்பம் வைத்து, வேப்பிலை கட்டி, எல்லாம் வழக்கம்போல நடந்தது.

கதிரை வந்தபோது நான் கடையில். நடந்ததைப் பிறகு மனைவி சொன்னாள். மாமாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் அதில் இருத்தப் போகும்போது தம்பியின் வீடியோ கோல் வந்திருக்கிறது.

"அப்பா, ஒறிஜினல் லெதர்! இஞ்ச டொக்டர்மார்ட வீட்டிலதான் இப்பிடிக் கதிரை இரிக்கும்!"

"நல்லம் மனே, நல்லம்" என்று மாமா போனைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். போனை வைத்ததும் கதிரையைத் தொட நீட்டிய கையை இழுத்துக்கொண்டு திரும்பவும் பிளாஸ்ரிக் கதிரைக்கே போய்விட்டார்.

"லெதர் எண்டா மாடுதானே புள்ள?"

என் மனைவி கெட்டிக்காரி. ஒரு நொடி தயங்கவில்லை. "இப்ப வாறதெல்லாம் ரெக்சின்தான் அப்பா. தம்பிக்கு என்ன தெரியும்? கடைக்காரன் சொன்னத அவன் சொல்லுறான்."

"மருமகன் வரட்டும். அவர் பாத்துச் சொல்லட்டும்" என்றாராம் மாமா.

அன்று பின்னேரம் நான் பாலத்தைக் கடந்து வரும்போது மனைவி படலையில் நின்றாள். அவள் அப்படி எனக்காகக் காத்து நின்றதைக் கலியாணம் முடித்த புதிதில் கண்டதோடு சரி.

"இஞ்சேருங்க, அப்பா கேட்டா ரெக்சின் எண்டு சொல்லுங்க. ஒரு சொல்லு. எனக்காக."

"பாத்துத்தானே சொல்லணும்."

"பாக்காமச் சொல்லுங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது.

நான் தலையை ஆட்டினேன். ஆட்டும்போது சொல்லிவிடுவது என்றுதான் நினைத்தேன். இதை யாரும் நம்பத் தேவையில்லை, எனக்குத் தெரியும்.

பின்வீட்டுக்குப் போனேன். கதிரை அறையின் நடுவில் நின்றது. மாமா சுவரோரம் பிளாஸ்ரிக் கதிரையில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, தோள் ஏறி இறங்க இருந்தார். என்னைக் கண்டதும் ஒரு மூச்சைச் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

"கிணத்தடிக்குப் போயிட்டு வந்தீங்களா மருமகன்?"

எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. என் தொழிலை நம்பி என்னைக் கூப்பிட்டுவிட்டு, அந்தத் தொழில் செய்த கையைக் கழுவினாயா என்று கேட்கிறார். அதுவும் ஒரே மூச்சில். நான் கிணற்றடிக்குத் திரும்பிப் போய், இரண்டு வாளி தண்ணீரை உடுப்போடு தலையில் ஊற்றிக்கொண்டு, சொட்டச் சொட்ட வந்து நின்றேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் பயம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"சொல்லுங்க" என்றார் மாமா. "புள்ளையள் எனக்காகப் பொய் சொல்லுவாங்க. நீங்க சொல்ல மாட்டீங்க."

நான் குந்தியிருந்து பார்த்தேன். பெருவிரலால் அழுத்தினேன்; சுருங்கியது, கோடு ஓடியது. துளைகள் ஒழுங்கில்லாமல் கிடந்தன. மூக்கை வைத்தேன், தோல் மணந்தது. கதிரையைச் சரித்து அடியில் இருந்த சிப்பைத் திறந்து, விளிம்பைக் கிளப்பினேன். பஞ்சு. சீலை இல்லை. ஒரு நார் பிடுங்கி விரலில் உருட்டிப் பார்த்தேன். முப்பது வருடத்தில் பின்பக்கம் பஞ்சாக இருக்கிற ரெக்சினை நான் கண்டதில்லை.

கடைசிச் சோதனை ஒன்று மிச்சம் இருந்தது. கத்தரிக்கோல் என் பையில் இருந்தது, நெருப்புப்பெட்டி சாமியறையில் இருந்தது. ஆனால் கும்பம் வைத்திருக்கிற வளவுக்குள், தாளிப்பு மணமே ஆகாத நாளில், மாட்டுத்தோலை நெருப்பில் காட்டி அந்த நாற்றத்தைக் கிளப்புவதா? அதை எங்கள் ஆட்கள் ஒருவரும் செய்ய மாட்டார்கள். நானும் செய்யவில்லை. அதற்காக என்னை ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வளவைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் நடந்தால் வாவிக்கரை. அங்கே கொண்டுபோய்க் கொளுத்திப் பார்த்திருக்கலாம். எனக்குக் கோபம். அதோடு என் விரல் சொன்ன பிறகு நெருப்பு எதற்கு என்ற திமிர்.

எழும்பி நின்று சொன்னேன். "மாட்டுத்தோல்தான் மாமா. சந்தேகமில்ல."

மனைவியின் பக்கம் நான் பார்க்கவில்லை. மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. கண்ணை மூடி, "அம்மாள் காப்பாத்தினா" என்றார். பிறகு என் ஈரக் கையை எட்டிப் பிடித்தார்.

"சொன்னது நல்லம் மனே."

இருபத்தைந்து வருடத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தன் மகனைக் கூப்பிடுகிற சொல்லால் என்னைக் கூப்பிட்டார். சடங்கு நாளில் என் கையைத் தொட்டதும் அதுதான் முதல் தடவை.

மனைவி விடவில்லை. "கோயில் உடுக்கும் தோல்தானே அப்பா? அத நீங்க கையால அடிச்சவர்தானே?" என்று அழுதுகொண்டே கேட்டாள்.

"அது அம்மாளுக்குப் புள்ள. இது என்ட முதுகுக்கு."

 எனக்கு அப்போது கோபம் வடிந்துவிட்டது. வடிந்த இடத்தில் என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை, நல்லதாக ஒன்றும் வரவில்லை. தோலை உரித்துப்போட்டு ரெக்சின் போட்டுத் தருகிறேன் மாமா, இரண்டு நாள் வேலை என்றேன். அவர் மறுத்தார். "மகன் ஆசையா அனுப்பினதக் கிழிக்க வேணாம். அவன்ட புள்ளையள் வந்தா இருக்கட்டும். நான் இதுல இருக்கல்ல எண்டு அவனுக்குச் சொல்லவும் வேணாம்."

அந்தக் கடைசி வார்த்தையை என் மனைவி பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து தம்பி போன் எடுக்கும்போதெல்லாம், அப்பா கதிரையில்தான் இருக்கிறார், நன்றாகத் தூங்குகிறார் என்று சொன்னாள். படம் கேட்டால் அப்பா தூங்குகிறார், வெளிச்சம் போட்டால் எழும்பிவிடுவார் என்பாள்.

நான் சும்மா இருக்கவில்லை. ஸ்பொஞ்சைச் சரிவாக வெட்டி, பருத்திச் சீலை போட்டு, பழைய சாய்மனைக் கதிரைக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு குஷன் தைத்தேன். கால் வைக்க ஒரு முக்காலியும் செய்தேன். இரண்டு நாள் அதில் இருந்து பார்த்தார். சறுக்கிக் கீழே இறங்கினார், மூச்சு அடைத்தது. மூன்றாம் நாள் பழையபடி பிளாஸ்ரிக் கதிரையும் மேசையும். குஷனைத் திருத்தித் தைத்தேன். அதுவும் சரிவரவில்லை. பஸ் சீற்றுக்கு முதுகு வைக்கத் தெரிந்த எனக்கு ஒரு நோயாளிக்கு முதுகு வைக்கத் தெரியவில்லை. அந்தக் கபிலக் கதிரை பக்கத்திலேயே பழைய சீலையால் மூடப்பட்டு நின்றது. மாமா அதைத் தாண்டி வெளியே போகும்போது கால் படாமல் ஒதுங்கிப் போவார்.

சடங்கு முடிந்தது; அதற்குப் பிறகும் மாட்டுத்தோலில் இருக்க அவர் சம்மதிக்கவில்லை. ஆனி போனது. ஆடி பிறந்து சில நாளில், நான் கடைக்குப் புறப்படுகிற நேரம், பின்வீட்டுக்குத் தேநீர் கொண்டுபோன மனைவி கத்தினாள். ஓடிப்போனேன். மேசையில் நெற்றி முட்டியபடியே இருந்தார். தலையணை நழுவிக் கீழே கிடந்தது. நாங்கள் நிமிர்த்தியபோது நெற்றியின் குறுக்கே மேசை விளிம்பின் கோடு ஆழமாகப் பதிந்திருந்தது. குளிப்பாட்டி, திருநீறு பூசி, வீட்டில் வைத்திருந்த நேரம் முழுவதும் அந்தக் கோடு போகவில்லை. வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். விழுந்துவிட்டாரா என்று கேட்டார்கள்.

மைத்துனனுக்கு உடனே வர முடியவில்லை. போனில்தான் எல்லாம் பார்த்தான். "கஷ்டப்படாமப் போனாராக்கா?" என்று கேட்டுக் கேட்டு அழுதான். "ஓம் தம்பி, நித்திரையில" என்றாள் அவள்.

மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். சோறு போட்டாள், உடுப்புத் தோய்த்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கடையில் யார் வந்தார்கள், யாருடைய செற்றியைக் கவிழ்த்தீர்கள் என்று முன்பு தினமும் கேட்பாள். அதைக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஆனாலும் நான் செய்தது சரி என்று எனக்குள் ஒரு மூலையில் வைத்திருந்தேன். நம்பிக் கேட்ட மனிதருக்கு உண்மையைச் சொன்னேன். அவருடைய விரதத்தைக் காப்பாற்றினேன். அவரே கையைப் பிடித்து நல்லம் என்றார். மனம் கனத்த நேரமெல்லாம் அந்தக் கையை நினைத்துக்கொள்வேன்.

அதற்கு அடுத்த வருடம் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போனேன். ரெக்சின் விற்கிற மொத்தக் கடையில் ஒரு புது ரோலை விரித்துக் காட்டினார்கள். மேலே துளைகள் ஒழுங்கில்லாமல் இருந்தன. திருப்பினால் பஞ்சு. மணந்து பார்த்தால் தோல் மணம். என்ன இது, தோலை ரோலாகச் சுற்றி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார். தோல் இல்லை, இப்போது இப்படியும் வருகிறது, பின்பக்கத்துப் பஞ்சும் செயற்கை, மணமும் போட்டதுதான், பழைய ஆட்களே ஏமாறுகிறார்கள் என்றார். எவ்வளவு காலமாக வருகிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஊருக்கு வந்து பின்வீட்டுக் கதவு வரைக்கும் போனேன், சீலை மூடிய கதிரையைப் பார்த்தேன், திரும்பி வந்துவிட்டேன். ஒரு வருடம் அப்படியே இருந்தேன். அந்தப் பக்கம் போக வேண்டிய வேலையை எல்லாம் மனைவியிடமே விட்டேன்.

ஆடி அமாவாசைக்கு எங்கள் ஆட்கள் அமிர்தகழி மாமாங்கத்துக்குப் போய்த் தீர்த்தமாடித் தகப்பனுக்காக விரதம் இருப்பார்கள். மகன் அங்கே சுவிஸில் இருந்தபடியால் என் மனைவிதான் மாமாவுக்காக விரதம் பிடித்தாள். இரண்டாவது வருடம், தீர்த்தமாடி வந்து, பின்வீட்டில் மாமாவின் படத்துக்கு முன்னால் படைப்பதற்காக அறையைக் கூட்டினாள். கதிரையைச் சுவரோரம் தள்ள வேண்டியிருந்தது. சீலையை எடுத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளியிருக்கிறாள்.

"இஞ்ச ஒருக்கா வாங்க" என்று கூப்பிட்டாள்.

போனேன். அவள் உள்ளங்கையை நீட்டினாள். கபில நிறச் செதில்கள் ஒட்டியிருந்தன. கைப்பிடி முழுவதும் உரிந்து, கீழே வெளிறிய பஞ்சு தெரிந்தது. முதுகு சாய்கிற இடம் பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒருவரும் இருக்காத கதிரை. இரண்டு மாரி மழையும் வாவியின் உப்புக்காற்றும் பட்டதுதான் அதற்கு நடந்தது.

தோல் காயும், வெடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். செதில் செதிலாக உரியாது. இதைக் கடையில் நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. இத்தனை வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது தெரியாதா? ஆனாலும் கேட்டாள்.

"இது என்ன?"

நான் குனிந்து கைப்பிடியைத் தடவிப் பார்த்தேன்.

"கொளுத்திப் பாருங்க."

"விரத நாள்..."

"கொளுத்துங்க" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "மாடில்லத்தானே. ஒண்டும் ஆகாது."

உரிந்த ஓரத்தில் ஒரு துண்டை நறுக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். அவளும் வந்து நின்றாள். முதல் நெருப்புக்குச்சி காற்றில் அணைந்துவிட்டது. இரண்டாவதில் பிடித்தது. துண்டு சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகி நுனியில் நின்றது. முடி கருகிய மணம் இல்லை. பிளாஸ்ரிக் நாறியது.

"அப்ப அப்பா இதுல இருந்திருக்கலாம்" என்றாள்.

ஓம் என்று சொன்னேன்.  நாற்பது நாளுக்கு மேல் அந்த மனிதர் மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு மூச்சுக்குப் போராடினார். பக்கத்தில் ஒரு குற்றமும் இல்லாத கதிரை சும்மா நின்றது. நடுவில் தடுத்து நின்றது நான். அவர் என் கையைப் பிடித்து நல்லம் மனே என்று சொன்னது ஒரு பொய்க்கு. அந்தக் கையை இனி நான் எதற்கும் நினைத்துக்கொள்ள முடியாது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன், அதைத்தான் விரும்பினேன். அவள் கிணற்றடிக்குப் போய்க் கையில் ஒட்டியிருந்த செதில்களைக் கழுவினாள். அப்போது போன் அடித்தது. தம்பி. ஆடி அமாவாசையாதலால் அங்கே விடிந்ததும் எடுத்திருக்கிறான். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு முகத்துக்கு நேரே போனைப் பிடித்தாள். தீர்த்தமாடினீர்களா, என்ன படைத்தீர்கள் என்று எல்லாம் கேட்டான். பிறகு கேட்டான்.

"அக்கா, அந்தக் கதிரை இன்னும் இரிக்கா?"

"இரிக்கு தம்பி. தூசு படும் எண்டு மூடி வச்சிருக்கன்."

"அப்பா கடைசி வரைக்கும் அதிலதானே இருந்தவர்?"

நான் முற்றத்தில், உருகிய மணி ஒட்டிய குச்சியோடு நின்றுகொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தம்பிக்குப் பதில் சொன்னாள்.

"ஓம் தம்பி. கால நீட்டிக்கொண்டு நல்லா நித்திரை கொண்டவர்."

ஒரு தடுமாற்றம் இல்லை. அவ்வளவு இலேசாகச் சொன்னாள். அன்றைக்குப் படலையில் நின்று அவள் என்னிடம் கேட்டது இதைவிடச் சின்னப் பொய். அது பொய்யாகக்கூட இருக்கவில்லை.